தேவனாம்பட்டினத்தில் தொடங்கி அரிக்கமேட்டில் முடியுங்கள்

நீங்கள் கேட்டது இது: டிசம்பர் கடைசியில் அப்பாவையும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் கடலூர், புதுச்சேரி பக்கம் வருகிறீர்கள். மஞ்சள் சுவர்த் தெருக்கள், ஆரோவில், சுண்ணாம்பாற்றுப் படகு எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. கூட்டம் இல்லாத, நின்று சொல்ல ஒரு கதை இருக்கிற இடங்கள் வேண்டும், எந்த வரிசையில் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டு நாள் தாராளமாகப் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்தான். கைப்பேசி வரைபடம் காட்டும் தூரக் கணக்கில் போகாதீர்கள். சம்பவங்கள் நடந்த வரிசையில் போங்கள். இந்தக் கரையில் ஓர் ஊரில் நடந்த அழிவுதான் அடுத்த ஊரின் கதைக்குக் காரணம். கடலூரில் ஒரு கோட்டையை இடித்தார்கள். அதற்குப் பதிலடியாகப் புதுச்சேரியையே இடித்தார்கள். அந்த இடிபாட்டின் மேல் ஏறி நின்று ஒரு வானியலாளர் வானத்தைப் பார்த்தார். அதே மனிதர் பக்கத்து ஊரில் மக்கள் பழைய செங்கல் தோண்டுவதைக் குறித்துவைத்தார். அந்த ஊர்தான் பிற்பாடு உலகம் பேசிய அரிக்கமேடு. இந்தச் சங்கிலி கையில் இருந்தால் வெறும் மண்மேட்டின் முன்னால்கூட அரைமணி நேரம் நிற்கலாம். இல்லாவிட்டால், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த இடங்களில் கண்ணுக்குக் கிடைப்பது குறைவு.

முதல் நாள் காலை தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டை இருந்தது தெரியாமல் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். கெடிலம் ஆறு கடலை நெருங்குகிற பக்கம் கேட்டுப் போனால் சிதைந்த செங்கல் கட்டுமானமும் மேடும் இருக்கும். அவ்வளவுதான் மிச்சம். ஆனால் 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையிடம் சென்னை அல்ல, இந்த மேடு.

இதை அவர்கள் வாங்கிய விதத்தை மகளுக்கு இங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். 1690. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருக்கிறார். முகலாயப் படை அவரைத் துரத்திக்கொண்டே தெற்கே வந்துவிட்டது. போர் நடத்தப் பணம் வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மராட்டியர் வசம் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதை விற்க முன்வந்தார். வாங்கியது சென்னைக் கும்பினி. அப்போது அங்கே ஆளுநர் எலைஹூ யேல். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்துத்தான் பேரம். நிலத்துக்கு எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை. பத்திரத்தில் ஒத்துக்கொண்ட அளவே அதுதான்.

சென்னையிலிருந்து தேர்ந்த பீரங்கிக்காரரை அனுப்பினார்கள். மருந்தைக் கெட்டிப்பதிலும் குறிவைப்பதிலும் உள்ள திறமையில்தான் ஆதாயம் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியே அனுப்பினார்கள். அவர் திசைதிசையாகச் சுட்டார். குண்டு போய் விழுந்த ஊர்கள் எல்லாம் கும்பினிக்குச் சொந்தமாயின. இன்று முதுநகர் என்கிறோமே, அந்தப் பழைய கடலூரும் அதற்குள் அடக்கம். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரையும் குண்டு சாலையையும் இன்றைக்கும் கடலூரில் பார்க்கலாம். அந்த ஊர்களில் வலை பின்னிக்கொண்டும் நெய்துகொண்டும் உழுதுகொண்டும் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பீரங்கிக்காரரின் கைத்திறனால் அவர்கள் யாருக்கு வரி கட்டுவது என்பது தீர்மானமானது. காலனி ஆட்சி எப்படித் தொடங்கியது என்று பாடப்புத்தகம் பல பக்கம் எழுதுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

யேலைப் பற்றி ஒரு வரி. 1718-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்கு அவர் புத்தகங்களும் துணி முதலான சரக்கும் கொடுத்தார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோனது. நன்றிக்காக அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அவருடைய பூர்வீகம் வேல்ஸ். வேல்ஸ் மக்களின் காவல் புனிதர் டேவிட். நம் ஊர்க் கோட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அங்கிருந்து மாறுவேடத்தில் தப்பித் தெற்கே இந்தக் கோட்டைக்கு ஓடிவந்தவர்களில் இருபது வயது எழுத்தர் ஒருவர் இருந்தார், பெயர் ராபர்ட் கிளைவ். கணக்கெழுத வந்தவர் ஆயுதம் ஏந்தியது இங்கேதான். பத்து வருடம் கழித்து இதே கோட்டைக்கு ஆளுநராகவும் வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே பலமுறை முயன்றும் இதைப் பிடிக்க முடியவில்லை. 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் வந்து இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, வந்த வேகத்தில் கடலூர் நோக்கிப் படையைக் கிளப்பினார். ஜூன் 2-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. பிடித்ததோடு விடவில்லை, இடித்துத் தரைமட்டமாக்கினார். நீங்கள் பார்க்கிற மேடு அந்த ஜூன் மாதத்தின் மிச்சம்.

இந்த இடித்த கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புதுச்சேரியில் தேவைப்படும்.

அதற்கு முன், கடலூரை விட்டுக் கிளம்பும்போது கேப்பர் மலைப் பக்கம் ஒரு சுற்று. மலை என்று பெயர்தானே தவிர, அது முந்திரியும் மரங்களும் நிறைந்த செம்மண் மேடு. 1783 ஜூனில் இந்த மேட்டுக்கும் முதுநகருக்கும் இடைப்பட்ட நிலத்தில் பெரிய போர் நடந்தது. கடலூருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை. ஜூன் 13-ஆம் தேதி ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம் என்னவென்றால், இரண்டு நாடுகளுக்கும் ஜனவரியிலேயே ஐரோப்பாவில் சமாதானக் கையெழுத்து ஆகிவிட்டது. அந்தச் செய்தியைச் சுமந்த கப்பல் ஜூன் கடைசியில்தான் இங்கே வந்து சேர்ந்தது. கையெழுத்தான பிறகு ஐந்து மாதம் கழித்து, முடிந்துபோன போருக்காக இந்தச் செம்மண்ணில் அத்தனை பேர் செத்தார்கள். மேட்டின் மேல் மத்திய சிறை இருக்கிறது. பத்தாண்டுகள் புதுச்சேரியில் அடைக்கலம் இருந்த பாரதி, 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லையைத் தாண்டியதும் கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். உள்ளே போய்ப் பார்க்கச் சிறைத்துறை அனுமதி வேண்டும் என்பதால் உங்கள் பயணத்தில் அது சரிப்படாது. அப்பாவுக்குப் பாரதி பிடிக்கும் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிட்டு நகருங்கள்.

பிறகு பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிச் சாலை. முள்ளோடையில் எல்லை. அங்கிருந்து நேராகப் போனால் சீக்கிரமே நகரம் வந்துவிடும். ஆனால் கன்னியக்கோயிலிலிருந்தோ கிருமாம்பாக்கத்திலிருந்தோ மேற்கே திரும்பிப் பாகூருக்குப் போய்வாருங்கள். சுற்றுலாப் பயணிகள் அநேகமாக யாரும் திரும்பாத சாலை அது. வயல், பெரிய ஏரி, மூலநாதர் கோயில். டிசம்பரில் ஏரி நிறைந்திருந்தால் பறவைகளையும் பார்க்கலாம்.

பாகூரின் பெருமை கோயிலை விடவும் ஒரு செப்பேட்டில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயைப் பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். வித்யாஸ்தானம் என்றால் இன்றைய பேச்சில் கல்லூரி. மாணவர்களும் ஆசிரியர்களும் சோற்றுக்குக் கவலைப்படாமல் படிக்க, ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பு மூன்று கிராமத்து விளைச்சலை ஒதுக்கியிருக்கிறார்கள். வடமொழியிலும் தமிழிலும் எழுதிய அந்தச் செப்பேடுகள் 1879-இல் வெளிச்சத்துக்கு வந்தன. கல்லூரிக் கட்டடத்தின் சுவடு ஏதும் கிடையாது. ஆனாலும் படிக்கிற பிள்ளையை அழைத்துவருகிறீர்கள். காலையில் குண்டு விழுந்து கைமாறிய கிராமங்களைப் பார்த்துவிட்டு, மத்தியானம் படிப்புக்காகக் கைமாறிய கிராமங்களைப் பற்றிக் கேட்பது அவளுக்கு நினைவில் நிற்கும். இதே பாகூரில் 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி, பிரெஞ்சுப் படை தோற்றது. அதை நீட்டி முழக்க வேண்டாம்.

இரவு புதுச்சேரியில் தங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை பாரதி பூங்காவுக்குப் போங்கள். எல்லோரும் பார்த்த பூங்காதான், ஆயி மண்டபத்தின் முன்னால் படம் எடுக்காதவர்கள் யார்? இந்த முறை மண்டபத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையும் அதற்குள் ஆளுநர் மாளிகையும் இருந்த இடம் இந்தப் பூங்காவும் இதைச் சுற்றிய பகுதியும்தான். தேவனாம்பட்டினத்துக் கணக்கு இங்கேதான் தீர்க்கப்பட்டது.

1761 ஜனவரி 16. மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட பிறகு நகரம் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. யானை, ஒட்டகம் வரை தின்று தீர்த்திருந்தார்கள். சென்னையின் ஆளுநர் பிகாட் நகரத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, கோட்டையையும் மதிலையும் பெரிய கட்டடங்களையும் இடிக்க உத்தரவிட்டார். லாலி கடலூரில் செய்ததற்கு இது பதில். கோட்டை போனது, ஆளுநர் மாளிகை போனது, தேவாலயங்களும் போயின. மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயில் 1791-இல் கட்டி முடித்தது என்றால் காரணம் இதுதான். 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை, 1765-இல் நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது, அதன் பிறகு ஆளுநர் லாவ் தெ லொரிஸ்தோன் காலத்தில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆகவே நீங்கள் போன முறை ரசித்த அந்தத் தெருக்களில் அநேகமாக எந்த வீடும் துய்ப்ளே காலத்தது இல்லை. துய்ப்ளே வாழ்ந்த நகரம் மண்ணுக்குள் போய்விட்டது.

தப்பித்த வீடுகளில் ஒன்று பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் ஊர்க் கட்டு, மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சுக் கட்டு. 1736-இல் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் தமிழில் தினப்படி எழுதிவைத்த குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் புதுச்சேரியின் உள்வீட்டு நடப்பு நமக்குத் தெரியவே போவதில்லை. எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார், 1748-இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்த அன்று ஊர் என்ன பாடுபட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில் அவரும் கண்ணை மூடினார். தனியார் வீடு என்பதால் தெருவில் நின்று பார்த்தால் போதும்.

மீண்டும் பூங்காவுக்கு வருகிறேன். எனக்கு இந்த முழுப் பயணத்திலும் மிகப் பிடித்த கதை இங்கேதான் நடந்தது.

சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வெள்ளிக் கோள் கடந்துபோவதை ஒரு சிறு கரும்புள்ளியாகப் பார்க்கலாம். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை நடக்கும்; அடுத்த இணைக்கு நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதன் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். 18-ஆம் நூற்றாண்டில் அந்த வாய்ப்பு 1761-லும் 1769-லும் வந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் புதுச்சேரிக்கு அனுப்பியவர் கியோம் லெ ஜாந்தி. 1760 மார்ச்சில் பிரான்சை விட்டுக் கிளம்பினார். மொரீஷியஸ் வந்து, அங்கிருந்து ஒரு போர்க்கப்பலில் ஏறி இந்தியக் கரையை நெருங்கும்போது செய்தி கிடைக்கிறது: புதுச்சேரி விழுந்துவிட்டது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது, அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. பார்த்தாலும் கணக்குக்கு உதவாது.

திரும்பிப் போகவில்லை. எட்டு வருடம் காத்திருந்து அடுத்ததைப் பார்த்துவிட்டே போவது என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் கரைகளை அளந்தார், மணிலாவரை போனார், 1768 மார்ச்சில் ஒருவழியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். லொரிஸ்தோன் அவருக்கு, இடிந்துகிடந்த ஆளுநர் மாளிகையின் மேலேயே கண்காணிப்புக் கூடம் கட்டிக்கொடுத்தார். இடித்தவர்களான சென்னை ஆங்கிலேயர் நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஊரைத் தரைமட்டமாக்கியவர்கள் வானம் பார்க்கக் கண்ணாடி கொடுத்தார்கள். அறிவியலுக்காக அப்போதும் அப்படி ஒரு மரியாதை இருந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலான செய்தி.

1769 மே மாதம் முழுக்கக் காலை வேளைகள் பளிச்சென்று இருந்தன. ஜூன் 3 இரவு ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் துணைக்கோள்களைக்கூடப் பார்த்தார். விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு மேகம் திரண்டது. காற்று கிளம்பியது. சூரியன் உதித்தது, வெள்ளி கடந்தது, மேகம் விலகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்து நாள் முழுக்க அடித்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவு. இரண்டு வாரத்துக்குப் பேனாவைத் தொட முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பதினோரு வருடம் கழித்து 1771-இல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பங்குபோடத் தயாராக நின்றார்கள். கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

இந்தக் கதையை இணையத்தில் பலர் சோகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். புதுச்சேரியில் அவர் கற்றுக்கொண்டதை விட்டுவிடுகிறார்கள். காத்திருந்த மாதங்களில் அவர் இங்கிருந்த தமிழ்க் கணியர்களிடம் போய், கிரகணத்தை எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டார். எதிரே உட்கார்ந்தவர் காகிதமும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாயில் ஏதோ செய்யுள் போல முணுமுணுத்துக்கொண்டே சோழிகளைக் கூட்டினார், எடுத்தார், நகர்த்தினார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் தேதிச் சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்ன கால அளவை லெ ஜாந்தி உண்மை அளவோடு ஒப்பிட்டார். 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் அன்று தலைசிறந்ததாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகம் காட்டியது.

அந்த முணுமுணுப்பு மந்திரம் இல்லை, எண். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, சுற்றிப் போய், மறுபடி அதே அருகாமைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். 248 நாளுக்கும் சந்திரனின் இருப்பை நாளுக்கொரு சிறு வாக்கியமாக, எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் கட்டி மனப்பாடம் செய்துவிட்டால் அட்டவணைப் புத்தகம் எதற்கு? வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். உங்கள் அப்பாவுக்கு வாக்கியம், திருக்கணிதம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்கும். இந்த இடத்தில் பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். லெ ஜாந்திக்குப் பல பத்தாண்டு கழித்தும் இதே புதுச்சேரியில் இன்னொரு கணியர் சோழிகளை வைத்தே 1825-ஆம் ஆண்டுக் கிரகணத்தைக் கணித்துக் காட்ட, ஜான் வாரன் என்ற அதிகாரி அதைப் படிப்படியாக எழுதிவைத்தார். அப்படித்தான் அந்த முறை உலகத்துக்குத் தெரிந்தது. இவ்வளவு நடந்த இடத்தில் லெ ஜாந்திக்கோ அந்தக் கணியர்களுக்கோ ஒரு பெயர்ப்பலகை என் கண்ணில் பட்டதில்லை. வைக்க வேண்டும்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே புனித லூயி வீதியில் அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், பானை ஓடுகள், ரோமானியச் சாடிகளின் துண்டுகளை இங்கே முதலில் பார்த்துவிடுங்கள். அரிக்கமேட்டுக்குப் போனபின் பார்த்தால் பயனில்லை.

மத்தியானச் சாப்பாடு முடித்து, அரியாங்குப்பம் வழியாக வீராம்பட்டினச் சாலையில் திரும்புங்கள். நகரத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான். ஆற்று வளைவில் மாவும் தென்னையும் அடர்ந்த தோப்பு, வேலி, தொல்லியல் துறைப் பலகை. உள்ளே கொஞ்சம் நடந்தால் கூரை இல்லாத உயரமான செங்கல் சுவர்கள் நிற்கும். மரவேர் பிடித்து, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, வளைவுகள் பாதியில் நின்றிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, "ரோமானியர் கட்டினது" என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது ரோமானியர் கட்டியதே இல்லை. ரோமானிய வணிகக் காலத்துச் செங்கல் கட்டடங்களையும் தொட்டிகளையும் தோண்டிப் பார்த்து, பதிவு செய்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். அவை உங்கள் காலுக்குக் கீழே இருக்கின்றன. நிற்கிற சுவர் 18-ஆம் நூற்றாண்டுக் குருமடம், பாதிரியாராகப் போகிறவர்கள் படிக்கும் பள்ளி. அதற்குத் தனிக் கதை உண்டு, சொல்கிறேன்.

முதலில் காலுக்குக் கீழே இருப்பது. வீராம்பட்டினத்து மக்கள் இங்கே பழைய பெரிய செங்கல்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது 1734-லேயே பிரெஞ்சுக் கும்பினிக்குத் தெரியும். நம் லெ ஜாந்தியும் தம் புதுச்சேரி வாசத்தில் இங்கே வந்து, ஆற்றங்கரையில் செங்கல் எடுப்பதைப் பார்த்து எழுதினார். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1937-இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ஆய்வாளர் ழுவோ துப்ரேய், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கினார். மழை பெய்து மண் கரைந்தால் மணிகள் தானாக மேலே வரும் இடம் அது. கிடைத்தவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அதை அடையாளம் கண்டார்கள்.

1944-இல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரிக்குள் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடி ஒன்றின் உடைந்த துண்டைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிப் பக்கம் என்றார்கள். உடனே புறப்பட்டு வந்தார். 1945-இல் தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புக் கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அந்தக் கலம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது, எப்போது நின்றுபோனது என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரிந்த விஷயம், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அது முடிந்துவிடுகிறது. ஆகவே அது கிடந்த அதே மண்ணடுக்கில் இருந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் உறுதியான ஆண்டுக்கணக்கு கிடைத்தது இந்தத் தோப்பில்தான். ஒயினும் ஆலிவ் எண்ணெயும் புளிக்கவைத்த மீன் சாறும் சாடிகளில் வந்து இறங்கியிருக்கின்றன. இங்கிருந்து மணியும் துணியும் போயிருக்கின்றன. கிரேக்கக் குறிப்புகள் பொதுகே என்று சொல்லும் துறைமுகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

வீலர் இதை "ரோமானிய வணிக நிலையம்" என்ற கண்ணோடே பார்த்தார். அவருக்குப் பின் தொல்லியலாளர்கள் காசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் தோண்டியதில் வேறு படம் தெளிவானது. ரோமானியக் கப்பல் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. கப்பல் நின்ற பிறகும் இருந்தது. மணி கோத்தவர்கள் நம் ஆட்கள். வாங்க வந்தவர்கள்தான் ரோமானியர். மகளிடம் இதை இந்த வரிசையில் சொல்லுங்கள்.

இப்போது அந்தச் சுவர். 1769-இல் கம்போடியா, வியட்நாம் எல்லையோரக் கடற்கரையில் பிஞ்ஞோ த பெஹேன் என்ற இளம் பாதிரியார் நடத்திவந்த குருமடத்தைக் கொள்ளையர் அழித்தார்கள். அவர் மாணவர்களோடு தப்பி, மலாக்கா வழியாக 1770-இல் புதுச்சேரி வந்தார்; லெ ஜாந்தி ஊரைவிட்டுப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீராம்பட்டினத்தில் குருமடத்தை மறுபடி தொடங்கினார். வியட்நாம், சயாம் நாட்டுப் பையன்கள் இந்தத் தோப்பில் லத்தீன் படித்தார்கள். ஒரு பெரிய வியட்நாம்–லத்தீன் அகராதியை 1773-இல் அவர் இங்கே இருந்த காலத்தில்தான் முடித்தார். பிறகு அவர் வியட்நாம் போய், நாட்டை இழந்து அலைந்துகொண்டிருந்த இளவரசர் நுயென் ஆனுக்குத் துணையானார். 1785-இல் அவருடைய ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு உதவி தேடிப் புதுச்சேரிக்கே வந்தார். அந்தக் குழந்தை இங்கே ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் பிரெஞ்சு அரசவைக்குப் போனான். 1787-இல் வெர்சாயில் உடன்படிக்கை ஆனது. இங்கிருந்த ஆளுநர் படை தர மறுத்துவிட, பாதிரியார் தாமே பணம் திரட்டிக் கப்பலும் ஆளும் சேர்த்துக்கொண்டு 1789-இல் கிளம்பினார். நுயென் ஆன் 1802-இல் ஜியா லாங் என்ற பெயரில் வியட்நாமின் பேரரசரானார். அந்த வம்சம் 1945 வரை ஆண்டது. வீலர் இந்தத் தோப்பில் மண் தோண்டிய அதே வருடம்.

இவ்வளவு இருந்தும் அரிக்கமேட்டில் சாய்வான பாதையோ, விளக்கப் படமோ, தண்ணீர்க் குழாயோ உருப்படியாக இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட இதைவிட நல்ல திறந்தவெளி வகுப்பறை இந்தப் பக்கத்தில் கிடையாது.

நடைமுறைக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் தோப்புத் தரை ஈரமாக இருக்கும். அப்பாவுக்குப் பிடிமானமான காலணி வேண்டும், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. மாலை நாலரைக்குள் சுற்றி முடித்துவிட்டால், சாலையின் முடிவில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். பிரெஞ்சு ஆளுநர் வடம் தொட்டுத் தேர் கிளம்பிய வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. அது ஆடி ஐந்தாம் வெள்ளி. டிசம்பரில் தேரை நிலையில்தான் பார்க்கலாம். அரிக்கமேட்டில் ஓடோ மணியோ கண்ணில் பட்டால் மகள் குனிந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், ஆனால் எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம், ஒவ்வொரு துண்டும் கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் அதற்குப் பொருள். அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதனால் ஞாயிறு, திங்கள் என்று வராமல் சனி, ஞாயிறாக வாருங்கள்.